மூன்றாம் நம்பர் மெஷினில் ஓர் ஓணான்

கீழ்க்கட்டளை பஸ் ஸ்டாப்பிலிருந்து மேடவாக்கம் போகிற பக்கம் நாலாவது கடை என்னுடையது. பெயர் ஜோதி நெட் சென்டர். ஜோதிலட்சுமி என்று முழுசாக எழுத போர்டில் இடம் போதவில்லை. ஐந்து மெஷின், ஒரு பிரின்டர், ஒரு ஜெராக்ஸ், ஒரு நோட்டு. 2005-இல் எங்கள் ஏரியாவில் யாருக்காவது ஈமெயில் ஐடி இருந்தது என்றால், பெரும்பாலும் அது நான் ஆரம்பித்துக் கொடுத்ததாகத்தான் இருக்கும். ஜம்பம் அடிக்கிறாள் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள், எனக்கொன்றும் நஷ்டமில்லை.

அந்த நோட்டைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். ஐடி ஆரம்பித்துவிட்டுப் போகிறவர்கள் அடுத்த வாரமே வந்து பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்று தலையைச் சொறிவார்கள். அதனால் பெயர், ஐடி, பாஸ்வேர்டு மூன்றையும் ஒரு நீள நோட்டில் இங்க் பேனாவால் எழுதி வைத்தேன். சொல்லாதவர்களுடையதும் அதில் இருந்தது. நான் டைப்ரைட்டிங் ஹையர், ஃபர்ஸ்ட் கிளாஸ். பக்கத்தில் நின்றால் போதும், விரல் போகிற போக்கிலேயே என்ன அடிக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். இதை வேவு என்று நான் நினைத்ததே இல்லை. நாளைக்கு மறந்துவிட்டு வந்து நின்றால் அவர்களை யார் பார்ப்பது? என்னை விட்டால் இவர்களுக்கு ஆளில்லை என்று மெய்யாகவே நம்பினேன்.

என் கடைக்கு நேர் எதிரே கங்கம்மா மீன் விற்பாள். ஈஞ்சம்பாக்கம் குப்பத்துக்காரி. காலையில் இரண்டு வண்டி மாறி அலுமினியக் கூடையோடு வந்து இறங்குவாள். சங்கரா, நெத்திலி, காரப்பொடி, இவ்வளவுதான் அவள் சரக்கு. மீன் மடிக்க என்னிடம் பழைய பேப்பர் கேட்பாள், நானும் தப்பாக பிரின்ட் ஆன தாள்களைக் கொடுப்பேன். அவள் மகள்தான் ஜீவிதா. குப்பத்தில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்த முதல் பெண். படித்து முடித்த வருஷமே கீழ்க்கட்டளையில் ஷேர் ஆட்டோ ஓட்டும் துரைக்குக் கட்டிக் கொடுத்துவிட்டார்கள்.

துரை குடிக்க மாட்டான், கை நீட்ட மாட்டான். தெருவில் எல்லோரும் தங்கமான பையன் என்பார்கள். வீட்டுக்குள் அவன் பெண்டாட்டியைச் சந்தேகத்திலேயே அவித்துக்கொண்டிருந்தான். பால் வாங்கப் போனால் ஏன் பத்து நிமிஷம் என்று கேட்பான். யாரோ ராங் நம்பரில் கூப்பிட்டதற்காக அவள் செல்ஃபோனை ஆட்டோ சக்கரத்துக்கு அடியில் வைத்து ஏற்றினான். அவளுக்கு அனுமதி உள்ள ஒரே இடம் அம்மாவின் மீன் கூடைப் பக்கம். அங்கே வருகிற சாக்கில் அவள் என் கடையில் அரை மணி நேரம் உட்கார்ந்து வேலைக்கு விண்ணப்பம் போடுவாள். எப்போதும் மூன்றாம் நம்பர் மெஷின்தான். மூலையில் இருந்ததால் தெருவிலிருந்து தெரியாது.

ஒரு நாள் மதியம் அந்த மெஷினில் ஓர் ஆள் வந்து உட்கார்ந்தான். மெயில் பார்க்க வேண்டும் என்றான், எப்படி என்று தெரியவில்லை என்றான், வீட்டில் பார்த்துவரச் சொன்னார்கள் என்றான். பணிவாகப் பேசினான். எனக்கோ யாருக்காவது எதையாவது சொல்லிக் கொடுக்காவிட்டால் சோறு இறங்காது. ஐடியின் முதல் எழுத்தை மட்டும் தட்டுங்கள் தம்பி, மீதி தானாகவே வந்து நிற்கும் என்று பக்கத்தில் நின்று காட்டினேன். அவன் ஜே தட்டினான். ஜீவிதாவின் ஐடி கீழே இறங்கி வந்தது. அதை அழுத்தினான். பாஸ்வேர்டு தானாகவே நிரம்பிக்கொண்டது. நான் அது யாருடையது என்றுகூடப் பார்க்காமல் பெருமையாகச் சிரித்துவிட்டு ஜெராக்ஸ் எடுக்கப் போய்விட்டேன்.

மறுநாள் கிண்டியில் ஒரு கம்பெனியில் ஜீவிதாவுக்கு இன்டர்வியூ. துரை அவளுக்கு முன்னாலேயே அங்கே போய் வாட்ச்மேனிடம் கத்தி, உள்ளே போய் மேனேஜரிடமும் கத்தி, யாரைப் பார்க்க அவளைக் கூப்பிட்டீர்கள் என்று கேட்டு ஊரைக் கூட்டியிருக்கிறான். வேலை இல்லை, போய் வாம்மா என்று அவர்கள் அவளுக்குக் கை கூப்பிவிட்டார்கள். இதெல்லாம் எனக்கு ஒரு வாரம் கழித்துக் கங்கம்மா சொல்லித்தான் தெரியும். கூடையை வெளியே வைத்துவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து மெதுவாகத்தான் சொன்னாள்.

“உன் பொட்டிதாம்மா எம்பொண்ண காட்டிக் குடுத்துச்சு. நீதான் கூட நின்னு காட்டுனியாமே, அவனே சொல்லிக்கினு திரியறான்.”

எனக்கு வந்ததே கோபம். அவன் யாரென்று எனக்கெப்படித் தெரியும், மெஷின் செய்ததற்கு நான் என்ன செய்வேன், உன் மாப்பிள்ளையை நீ அடக்கி வைக்காமல் என் கடைக்குள் வந்து பேசுகிறாயா என்று பொரிந்து தள்ளினேன். அவள் போய் மீன் செதில் சுரண்ட ஆரம்பித்துவிட்டாள். எனக்குத்தான் அவள் சொன்னது மனசை விட்டுப் போகவில்லை.

கடையில் ஆளில்லாத நேரம் பார்த்து நானே மூன்றாம் நம்பரில் உட்கார்ந்தேன். ஏ என்று தட்டினேன். பிறகு பி. பிறகு சி. ஒவ்வொரு எழுத்துக்கும் மூன்று பேர், நாலு பேர் என்று இறங்கி வந்தார்கள். எஸ் தட்டினால் சரிதா டீச்சர், அழுத்தினால் மெயிலே திறந்தது, அவள் யாருக்கும் தெரியாமல் வேறு ஸ்கூலுக்கு மனு போட்டிருந்தாள். எச் தட்டினால் ஹேமநாத், அவன் பாஸாகிவிட்டதாகச் சொல்லி அப்பா தெருவெல்லாம் ஸ்வீட் கொடுத்திருந்தார், அரியர் ஏழு. ஒரு பாஸ்வேர்டு கூட நான் அடிக்கவில்லை, ஊரே என் முன்னால் கதவைத் திறந்து போட்டுக்கொண்டு நின்றது. சட்டென்று எல்லாவற்றையும் மூடினேன்.

இரண்டு வாரம் கழித்து ஜீவிதா வந்தாள். என் முகத்தைப் பார்க்க மாட்டாள் என்று நினைத்தேன். அவள் நேராக வந்து ஒரு சிடியை நீட்டி, இதிலிருந்து ஒரு பிரவுசரை மூன்றாம் நம்பரில் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டாள். ஏதோ கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடி. பொத்தேரியில் படிக்கும் தோழி ஒருத்தியிடமிருந்து கங்கம்மா மூலமாகக் கை மாறி வந்ததாம். அந்த சிடி மேல் லேசாக மீன் வாடை அடித்தது.

நான் அதுவரை மெஷினோடு கூட வந்த பிரவுசரைத் தவிர வேறு எதையும் பார்த்ததில்லை. அதுவோ தட்டினால் ஒரு டம்ளர் காபியை ஆற்றிக் குடித்து முடிக்கும் வரை திறக்காது. திறந்தாலும் சும்மா திறக்காது, லாட்டரி விழுந்தது, கல்யாணம் ஆகாத பெண்கள் காத்திருக்கிறார்கள் என்று நாலு ஜன்னல் கூடவே குதிக்கும். குடும்பப் பெண்கள் உட்கார்ந்திருந்தால் நான் ஃபைல் அட்டையை எடுத்துக்கொண்டு ஓடி ஸ்கிரீனை மறைப்பேன். என் மெஷின்களின் மெமரி அறுபத்து நாலு எம்பி. அதற்கு மேல் எதையாவது ஏற்றினால் மூச்சு வாங்கும் என்று சொல்லிப் பார்த்தேன். இது ரொம்ப லேசானதுக்கா, ஒரு பாட்டு அளவுதான் இருக்கும் என்றாள்.

சிடியைப் போட்டாள். இங்கிலீஷில் நீளமாக ஒரு ஒப்பந்தம் வந்தது. நானாக இருந்தால் படிக்காமல் சரி சரி என்று தட்டிக்கொண்டே போவேன். அவள் உட்கார்ந்து முழுக்கப் படித்தாள். பிறகு தட்டினாள். பச்சைக் கோடு ஒரு நிமிஷத்தில் ஓடி முடிந்தது. ஸ்கிரீனில் புதிதாக ஒரு படம், ஓணான் மாதிரி. கே-மெலியான் என்று பேர். என் கடையில் ஓணானா என்று கேட்டேன். அவள் அதைத் தட்டினாள். நான் அடுத்த வார்த்தை பேசுவதற்குள் திறந்துவிட்டது. லாட்டரி இல்லை, பெண்கள் இல்லை, வெள்ளையாக ஒரு பக்கம், அவ்வளவுதான். அந்தக் கிழட்டு மெஷினா இது என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

அதற்கு அப்புறம் அவள் செய்ததைத்தான் நான் இன்றைக்கும் நினைத்துப் பார்க்கிறேன். செட்டிங்ஸைத் திறந்து ஒவ்வொரு வரியாகப் படித்தாள். போன பக்கங்களை எத்தனை நாள் நினைவில் வைக்க வேண்டும் என்று கேட்ட இடத்தில் பூஜ்யம் போட்டாள். பாஸ்வேர்டை வைத்துக்கொள்ளட்டுமா என்ற இடத்தில் டிக்கை எடுத்தாள். மூடும்போது எல்லாவற்றையும் துடைத்துவிடச் சொன்னாள். துவரம் பருப்பில் கல் பொறுக்குகிற மாதிரி ஒன்று விடாமல் போனாள். பிறகு தன் பழைய ஐடியில் நுழைந்து, வெளியே வந்து, மூடி, மறுபடி திறந்து, ஜே என்று தட்டிக் காட்டினாள். ஒன்றும் இறங்கி வரவில்லை. ஜே மட்டும் தனியாக நின்றது.

யார் இதைச் செய்தது, எதற்கு சும்மா கொடுக்கிறார்கள் என்று கேட்டேன். பல தேசத்துப் பேர் வேலை நேரம் போக உட்கார்ந்து எழுதுகிறார்கள், எழுதின ஒவ்வொரு வரியையும் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று வெளியே போட்டு வைத்திருக்கிறார்கள் என்றாள். அப்படியென்றால் திருடனும் பார்ப்பானே என்றேன். திருடன் பார்த்தால் நாமும் பார்ப்போம் இல்லக்கா, உள்ளுக்குள்ள ஏதாவது ஒளிச்சு வெச்சா யாராவது ஒருத்தர் கண்ணுல பட்டுடும் என்றாள். சமையல்கட்டைத் திறந்து விட்டு, உள்ளே வந்து பார்த்துவிட்டுச் சாப்பிடு என்று சொல்கிற ஓட்டல் போல என்று நான் புரிந்துகொண்டேன். முகம் தெரியாத அந்தப் பேர்வழிகள் மேல் எனக்குப் பெரிய மரியாதை வந்தது. மீதி நாலு மெஷினிலும் போட்டு, பழைய பிரவுசர் சேர்த்து வைத்ததையெல்லாம் துடைத்துவிடு என்று அவளிடம் சொன்னேன். போகும்போது அவள் எதிர்ப்பக்கம் பார்த்தாள். கங்கம்மா யாருக்கோ நெத்திலி மடித்துக்கொண்டிருந்தாள், மடித்த தாளில் யாரோ ஒருவருடைய பயோடேட்டா, ஃபோன் நம்பரோடு. இதையும் நிறுத்தணும்க்கா என்றாள். அன்றிலிருந்து தப்புத் தாள்களைக் கிழித்துத்தான் போட்டேன்.

அன்றைக்கே அவள் புதிதாக ஒரு ஐடியும் ஆரம்பித்தாள். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். அவள் விரல் போன போக்கு என் கண்ணில் பட்டது. அவள் போனதும் பழக்க தோஷத்தில் நோட்டை எடுத்து எழுதி வைத்தேன். இவ்வளவையும் கண்ணெதிரே பார்த்த பிறகும் எழுதினேன் என்றால், நான் எப்பேர்ப்பட்ட மண்டு என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வாடிக்கையாளர்கள் ஓணானை ஏற்றுக்கொள்ள ஒரு வாரம் ஆனது. என் பாஸ்வேர்டு தானாக வரவில்லையே ஆன்ட்டி என்று முகத்தைத் தூக்கினார்கள். வராது, உங்கள் மண்டையிலிருந்துதான் வரணும் என்றேன். அவர்கள் என்னிடம்தான் வந்து கேட்டார்கள். நானும் நோட்டைப் பார்த்துச் சொன்னேன்.

ஜீவிதா வெளியூரில் ஒரு கம்பெனிக்கு விண்ணப்பித்தாள். ஹாஸ்டலோடு வேலை. இந்த முறை கங்கம்மாவும் ஒரு ஏற்பாடு செய்திருந்தாள். துரையின் ஆட்டோ அந்தப் பக்கம் வந்தால் அவள் “வஞ்சிரம், வஞ்சிரம்” என்று கூவுவாள். ஜீவிதா உடனே பிரவுசரை மூடிவிட்டுப் பின்வாசல் வழியாகப் போய் அம்மா பக்கத்தில் நிற்பாள். வஞ்சிரம் அவள் கூடையில் என்றைக்கும் இருந்ததில்லை என்பதால் அந்த வார்த்தை மற்ற நேரத்தில் வராது என்று கணக்கு.

விண்ணப்பம் நாலு பக்கம். மூன்றரைப் பக்கம் முடித்திருந்தாள். அப்போது புதிதாகக் குடி வந்த ஓர் அம்மாள் கூடை முன்னால் நின்று, “வஞ்சிரம் இல்லையா? வஞ்சிரம் வெச்சிருக்கக் கூடாதா?” என்று தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி கேட்டுவிட்டார். மூன்றாம் நம்பரில் படக்கென்று மூடுகிற சத்தம். ஓணான் சொன்ன பேச்சைக் கேட்டது. எல்லாவற்றையும் துடைத்துவிட்டது. விஷயம் தெரிந்து அவள் திரும்பி வந்தபோது முதல் பக்கம் வெறுமையாக இருந்தது. எனக்குத்தான் அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. இந்த ஒரு தடவை ஞாபகம் வைத்திருக்கக் கூடாதா இந்தச் சனியன் என்று திட்டினேன். அவள் ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு முதல் வரியிலிருந்து அடிக்க ஆரம்பித்தாள். எனக்காக ஒரு நாள் ஞாபகம் வெச்சா, அவனுக்காகவும் வெச்சிருக்கும்க்கா என்றாள். அந்தப் பெண்ணைப் பார்த்து எனக்குப் பிரமிப்பாக இருந்தது.

இன்டர்வியூ என் கடை ஃபோனில்தான் நடந்தது. ஜெராக்ஸ் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவில் நின்று நாற்பது நிமிஷம் இங்கிலீஷில் பேசினாள். அதற்குள் கங்கம்மா அவளுடைய சர்டிஃபிகேட்டுகளைத் துரை வீட்டிலிருந்து தினம் ஒன்றாகப் பிளாஸ்டிக் உறையில் சுற்றி, கூடைக்கு அடியில் வைத்து வெளியே கொண்டு போயிருந்தாள். ஆர்டர் மெயிலில் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை வந்து பிரின்ட் எடுத்துக்கொண்டு அப்படியே கிளம்புவதாக முடிவு.

புதன்கிழமை துரை வந்தான்.

இவள் அடிக்கடி என் கடைக்குள் நுழைவதை யாரோ சொல்லியிருக்க வேண்டும். நேராக மூன்றாம் நம்பரில் உட்கார்ந்து ஜே தட்டினான். ஒன்றும் வரவில்லை. ஏயிலிருந்து இசட் வரை தட்டினான். மேலே அட்ரஸ் அடிக்கும் இடத்தைப் பிடித்து இழுத்தான். நாலாம் நம்பருக்குப் போனான், ஐந்துக்குப் போனான். எந்த மெஷினுக்கும் யாரையும் தெரியவில்லை. நான் ஸ்டேப்ளர் பின் போட்டுக்கொண்டே ஓரக்கண்ணால் பார்த்தேன். நன்றாகத் தட்டு ராஜா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். உள்ளுக்குள் எனக்குக் குளுகுளுவென்று இருந்தது.

அவன் எழுந்து என் மேஜைக்கு வந்தான். அதே பணிவு.

“அக்கா, எல்லாருதும் ஒரு நோட்டுல எழுதி வெச்சிக்கிறீங்களாமே. ஏரியாவுல சொல்லிக்கிறாங்க. எம்பொண்டாட்டிது மட்டும் பாத்துக் குடுங்க.”

நோட்டு என் முழங்கைக்கு அடியில் இருந்தது. ஜீவிதாவின் பெயர், ஐடி, பாஸ்வேர்டு, என் கையெழுத்தில், அழகான இங்க் பேனாவில். அதைத் திறந்தால் ஆர்டர், ஊர், ஹாஸ்டல் அட்ரஸ் எல்லாம் அவன் கையில். பத்துத் தேசத்துக்காரர்கள் உட்கார்ந்து எழுதிப் பூட்டிய கதவுக்கு நான் ஒருத்தி பின்பக்கம் சாவி மாட்டி வைத்திருக்கிறேன். ஆனால் வாய் எனக்கு என்றைக்கும் மோசம் செய்ததில்லை.

“அந்த நோட்டா தம்பி? நேத்து உங்க மாமியார் மீன் மடிக்கப் பேப்பர் கேட்டாங்க, அதைத்தான் எடுத்துக் கொடுத்தேன். போய்க் கேட்டுப் பாருங்க” என்றேன்.

அவன் கண் என் முழங்கைக்குக் கீழே போனது. இது கரன்ட் பில் நோட்டு என்றேன், கேட்காமலே. அவன் எதிர்ப்பக்கம் போனான். கங்கம்மாவுக்கு நான் எதுவும் சொல்லி வைத்திருக்கவில்லை. அவன் கேட்டதும் அவள் நிமிர்ந்து அவனைத் தாண்டி என்னைப் பார்த்தாள். பிறகு கத்தியைக் கழுவிக்கொண்டே சொன்னது என் காதிலும் விழுந்தது.

“அதுவா? அல்லாம் மடிச்சுப் பூட்சு. வோணும்னா வூடு வூடா போயி, மீன் வாங்கிக்கினு போனவங்கள கேளு.”

அவன் போன பிறகு நான் நோட்டை எடுத்துக்கொண்டு ரோட்டைக் கடந்தேன். கங்கம்மா மீன் கழுவும் பக்கெட்டைக் காட்டினாள். இரண்டு பேருமாகச் சேர்ந்து உள்ளே அமுக்கிப் பிடித்தோம். மூன்று வருஷத்து எழுத்து. தண்ணீர் நீலமாக மாறியது. அன்றைக்கு உன்னைத் திட்டினேனே கங்கம்மா என்றேன். அத்த வுடும்மா என்றாள்.

வெள்ளிக்கிழமை ஜீவிதா ஒரு மஞ்சள் பையோடு வந்தாள். அவள் மூன்றாம் நம்பரில் உட்காருவதற்குள் நான் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். உன் விரலைப் பார்த்துப் பாஸ்வேர்டை எழுதி வைத்தேன், அவன் வந்து கேட்டான், நூலிழையில் தப்பித்தாய், என்னை மன்னித்துவிடு என்று. அவள் கோபப்படவில்லை. கொஞ்சம் சங்கடமாக நெளிந்தாள்.

“தெரியும்க்கா. அன்னிக்கு நீங்க பாத்துக்கிட்டே இருந்தீங்க. அதான் நீங்க ஜெராக்ஸுக்குப் போனதும் வேற மாத்திட்டேன். நோட்டுல இருந்தது வேலைக்கு ஆகாது.”

என் மூக்கு அறுந்து கீழே விழுந்த மாதிரி இருந்தது. பக்கெட்டில் நான் அமுக்கி அமுக்கி அழித்தது ஒன்றுமில்லாத ஒன்றை. இவளுக்காக எவ்வளவு செய்தேன், ஃபோன் கொடுத்தேன், பொய் சொன்னேன், என்னைப் போய்ச் சந்தேகப்பட்டாளே என்று சுருக்கென்று வலித்தது. என்னை நம்பித்தானே இங்கே வந்தாய் என்று கேட்டேவிட்டேன்.

“உங்கள நம்பித்தான்க்கா வந்தேன். பாஸ்வேர்டத்தான் நம்பிக் குடுக்கல.”

வலி ஒரு பத்து விநாடி இருந்திருக்கும். அப்புறம் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒப்பந்தத்தைக் கடைசி வரி வரை படித்தவள், செட்டிங்ஸில் ஒரு டிக்கைக்கூட விடாதவள், என்னை மட்டும் படிக்காமல் விட்டிருப்பாளா? இந்தத் தலை எந்த ஊருக்குப் போனாலும் பிழைத்துக்கொள்ளும் என்று தோன்றியது. அந்த நிமிஷத்தில் எனக்கு அவளை அவ்வளவு பிடித்தது.

ஓணானைத் திறந்தாள். ஐடியை அடித்தாள். பாஸ்வேர்டு இடத்தில் விரல்களைக் கீபோர்டுக்கு மேலே வைத்துக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல் காத்திருந்தாள். எனக்குப் புரிய ஒரு கணம் ஆனது. நாற்காலியைத் தெருப்பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தேன். முதுகுக்குப் பின்னால் கீபோர்டு தட்டுகிற சத்தம் கேட்டது. எத்தனை எழுத்து என்று கூட நான் எண்ணவில்லை.

பிரின்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது பல்லாவரம் பக்கமிருந்து அந்த ஷேர் ஆட்டோ வந்தது. கங்கம்மா எழுந்து நின்று, தொண்டை கிழிய, வஞ்சிரம் என்று கூவினாள். ஜீவிதா தாளை எடுத்து மடித்துப் பையில் வைத்தாள். பிரவுசரை மூடினாள். என் தோளை ஒரு தரம் அழுத்தினாள். பின்வாசல் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. அந்தப் பக்கம் அடுத்த தெருவில் இறங்கி நடந்தால் தாம்பரம் பஸ் கிடைக்கும்.

துரை அதற்குப் பிறகு நாலைந்து தரம் வந்து கேட்டான். எனக்கு ஞாபகமில்லை என்று சொன்னேன். எந்த ஊர் என்று இப்போது நீங்கள் கேட்டாலும் அதுதான் பதில்.

நோட்டு இல்லை என்றதும் வாடிக்கையாளர்கள் கொஞ்ச நாள் திட்டினார்கள், பிறகு அவரவர் பாஸ்வேர்டை அவரவர் ஞாபகம் வைத்துக்கொள்ளப் பழகிவிட்டார்கள். யாராவது அதை அடிக்கப் போனால் நான் நாற்காலியைத் தெருப்பக்கம் திருப்பிக்கொள்கிறேன். எதிரே கங்கம்மா சங்கரா மீனுக்குச் செதில் எடுத்துக்கொண்டிருப்பாள்.